பாடத்தின் பெயரைப் பார்த்துச் சேருங்கள்: அமெரிக்க மருத்துவர் உதவியாளர் படிப்புக்கான முன்தேவை அறிவியல் பாடங்கள்

தங்கச்சிமடத்தில் வளர்ந்து, இராமநாதபுரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, திருமணமாகி அமெரிக்காவுக்குச் சென்ற என் அக்காள் மகள், அங்கே மருத்துவர் உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பித் தன் மதிப்பெண் பட்டியலை ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டாள். அவள் படித்த ‘விலங்கு உடற்செயலியல்’ என்ற தாள், அவர்கள் கேட்கும் ‘மனித உடற்செயலியல்’ பாடத்துக்கு ஈடாகாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றிரவு தொலைபேசியில், “மாமா, மனுஷனும் விலங்குதானே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த எனக்கு அவள் வாதத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை; ஆயினும் சேர்க்கை அலுவலகத்தில் அந்த வாதம் எடுபடவில்லை.

அதன் பிறகு அவளுக்காகவும், அவளைப் போலவே கேட்டு வந்த கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்காகவும் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நாம் என்ன கற்றோம் என்பதை அந்த அலுவலகங்கள் பார்ப்பதில்லை. பாடத்தின் பெயர், ஆய்வக வகுப்பு இருந்ததா, எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு), எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி ஆகிய ஐந்தையும்தான் பார்க்கின்றன. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாமும் இந்த ஐந்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ‘பி.ஏ.’ என்றால் நம் ஊரில் தமிழோ வரலாறோ படித்த பட்டம் என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். நாம் பேசுவது, மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவர் உதவியாளர் என்ற தொழிலைப் பற்றி; அதையும் சுருக்கமாகப் பி.ஏ. என்பார்கள். அமெரிக்காவில் 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கினார். இந்தியாவில் 1992-இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் மருத்துவர் கே.எம். செரியன் இதைக் கொண்டுவந்தார். இன்று தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பட்டமாகவே இது உள்ளது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் சேர்கிறார்கள். அமெரிக்காவிலோ பட்டம் முடித்த பிறகு படிக்கும் முதுநிலைப் படிப்பு இது. பெரும்பாலும் 27 மாத அளவில் நடக்கிறது. ஏ.ஆர்.சி.-பி.ஏ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற 300-க்கும் மேற்பட்ட படிப்புகள் அங்கே உள்ளன. அவற்றில் ஒன்றை முடித்தவர் மட்டுமே உரிமம் பெறுவதற்கு வேண்டிய பான்ஸ் என்ற தேர்வை எழுத முடியும். ஆகவே இங்கே பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் முடித்துவிட்டு அங்கே நேரே வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எம்.பி.பி.எஸ். முடித்தவரானாலும் அந்தப் படிப்பைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வாசற்கதவையும் முன்கூட்டியே தட்டிப் பார்த்துவிட வேண்டும். அங்குள்ள பல படிப்புகள் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களை மட்டுமே சேர்க்கின்றன. விசா நிலை என்னவாக இருக்கும் என்று குடும்பத்தில் தெளிவு வராமல், சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

இனி வேலையைத் தொடங்கலாம். விசைப்படகுப் பங்குக் கணக்கு எழுதுகிற மாதிரி நீளமான நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்க நினைக்கும் எட்டு அல்லது பத்துப் பல்கலைக்கழகங்களின் பெயர்களை மேலே குறுக்காகவும், பாடங்களின் பெயர்களை இடப்பக்கம் நெடுக்காகவும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கான விடையை, அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையப் பக்கத்தில் உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னதை எழுத வேண்டாம். விண்ணப்பம் காஸ்பா என்ற ஒரே பொது வாயில் வழியாகப் போனாலும், முன்தேவைகளை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத்தான் விதிக்கிறது. நோட்டை நிரப்பி முடித்ததும், எல்லாக் கட்டங்களிலும் வரும் பாடங்கள் எவை, ஓரிரு இடங்களில் மட்டும் வருபவை எவை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரே ஒரு பல்கலைக்கழகம் மட்டும் மரபியல் கேட்கிறது என்றால், அந்தப் பாடத்தைப் படிப்பதைவிட அந்தப் பல்கலைக்கழகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது பல நேரங்களில் மலிவானது.

பெரும்பாலான கட்டங்களில் வருபவை மனித உடற்கூறியல், மனித உடற்செயலியல், நுண்ணுயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் அல்லது உயிர்வேதியியல், புள்ளியியல், உளவியல் ஆகியவை. இவற்றில் அதிகம் பேர் தடுமாறுவது முதல் இரண்டில்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் உடற்கூறியலையும் உடற்செயலியலையும் இரண்டு விதமாக நடத்துகிறார்கள். சில கல்லூரிகளில் உடற்கூறியல் ஒரு பருவம், உடற்செயலியல் ஒரு பருவம் என்று தனித்தனியாக இருக்கும். சில கல்லூரிகளில் இரண்டையும் கலந்து, எலும்பு, தசை, நரம்பு போன்றவற்றை முதல் பருவத்திலும், இதயம், நுரையீரல், சிறுநீரகம் போன்றவற்றை இரண்டாம் பருவத்திலும் வைத்து ‘ஏ அண்ட் பி ஒன்று’, ‘ஏ அண்ட் பி இரண்டு’ (அனாடமி அண்ட் ஃபிசியாலஜி என்பதன் சுருக்கம்) என்று பெயரிட்டிருப்பார்கள். எந்த வழியில் போனாலும் இரண்டு பருவத்தையும் அதே வழியில் முடிக்க வேண்டும். ஒரு கல்லூரியில் கலப்புப் பாடத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டு, வீடு மாறியதால் இன்னொரு கல்லூரியில் தனி உடற்செயலியலை எடுத்தால், உடற்கூறியலின் பிற்பாதி எங்குமே படிக்கப்படாமல் நிற்கும். பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்காமல் மறுபடி படிக்கச் சொல்லும். கணவரின் வேலை எந்த ஊருக்கு மாறும் என்று தெரியாத நிலையில் இருக்கும் பெண்கள், இரண்டு பருவத்தையும் ஓர் ஊரில் முடிக்க முடியும் என்ற உறுதி வந்த பிறகே முதல் பாதியைத் தொடங்குவது நல்லது. இரண்டுக்கும் ஆய்வகம் கட்டாயம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தலா நான்கு கிரெடிட் இருப்பது வழக்கம்.

நம் ஊர்ப் பட்டப்படிப்பில் இந்த இரண்டுக்கும் ஈடாக எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். விலங்கியல் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டில் சுறாவின் செதிலும், இறாலின் கால்களும், மீன் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கும் இருக்கும். மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் விலங்கியல் படிப்பவருக்கு அவை அரிய பயிற்சிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோயாளியின் தோள்மூட்டைப் பற்றிக் கேட்கும் படிப்புக்கு அவை சான்றாக நிற்காது.

வேதியியலில் சிக்கல் வேறு விதமானது. அங்கே ஏணிப்படி போல ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் ஏற முடியும். பொது வேதியியல் ஒன்று முடித்தால்தான் இரண்டில் சேர்ப்பார்கள். அது முடிந்தால்தான் கரிம வேதியியல். அதன் பிறகுதான் உயிர்வேதியியல். ஒரு பருவத்துக்கு ஒரு படி என்றால் நான்கு பருவங்கள், அதாவது முழுதாக இரண்டு கல்வியாண்டுகள். மற்றப் பாடங்களை முன்பின்னாக நகர்த்தலாம், இந்த வரிசையை நகர்த்த முடியாது. ஆகவே முதல் பருவத்திலேயே பொது வேதியியல் ஒன்றில் சேர்ந்துவிட்டு, அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்குவதுதான் சரியான முறை. பலர் உடற்கூறியலில் இருக்கும் ஆர்வத்தால் அதை முதலில் எடுத்துவிட்டு, வேதியியலைக் கடைசிக்குத் தள்ளி, பிறகு ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். அறிவியல் மாணவர் அல்லாதவர்களுக்கென்று நடத்தும் எளிய வேதியியல் பாடங்களும் அங்கே உண்டு. ‘வேதியியல் அறிமுகம்’ என்பது போன்ற பெயரில் இருக்கும். அவற்றைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. அறிவியல் முதன்மைப் பாட மாணவர்களுக்கான வகுப்புதானா என்று சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே விலங்கியல் மாணவர்கள் ‘அல்லைடு’ என்று சொல்லும் துணைப்பாடமாக வேதியியல் படித்திருப்பார்கள். அந்தத் தாளில் கனிமம், கரிமம், இயற்பியல் வேதியியல் மூன்றும் அலகுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும். செய்முறையில் டைட்ரேஷனும் கரிமப் பகுப்பாய்வும் செய்திருப்பார்கள். படித்த பொருள் போதுமானதுதான். ஆனால் அதைப் பொது வேதியியல் என்று எழுதுவதா, கரிம வேதியியல் என்று எழுதுவதா என்று அங்கே நம் மதிப்பெண் பட்டியலை மதிப்பீடு செய்பவர் தவித்து, இரண்டுமில்லாத ஒரு பெயரை எழுதி வைத்துவிடுவார். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

நுண்ணுயிரியலுக்கு ஆய்வகத்தோடு கூடிய நான்கு கிரெடிட் பாடம் ஒன்று போதும். புள்ளியியலை எந்தத் துறை நடத்தினாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். உளவியலில் பொது உளவியல் போதுமா, வளர்ச்சி உளவியலும் வேண்டுமா என்பதை மட்டும் நோட்டில் பாருங்கள். புள்ளியியல், உளவியல் இரண்டுக்கும் தலா மூன்று கிரெடிட். ஆய்வகம் இல்லாததால் இணைய வழியில் படிக்க ஏற்றவை. ஆய்வகப் பாடங்களை இணையத்தில் படிப்பதற்கு முன் மட்டும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். நேரில் நின்று செய்ததையே ஏற்போம் என்று சொல்பவை உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால், உடற்கூறியல், உடற்செயலியலுக்கு எட்டு, நுண்ணுயிரியலுக்கு நான்கு, பொது வேதியியலுக்கு எட்டு, கரிம வேதியியலுக்கு நான்கு, உயிர்வேதியியலுக்கு மூன்று, புள்ளியியலுக்கும் உளவியலுக்கும் ஆறு என்று ஏறத்தாழ 33 கிரெடிட் வருகிறது. உடற்கூறியலில் சேர முதலில் பொது உயிரியல் முடித்திருக்க வேண்டும் என்று கல்லூரி கேட்டால் இன்னும் நான்கு கூடும். இவ்வளவையும் கம்யூனிட்டி கல்லூரி என்று அழைக்கப்படும் ஈராண்டுக் கல்லூரியில் படித்தால் செலவு மிகவும் குறையும். ஆனால் உயிர்வேதியியல் போன்ற மேல்நிலைப் பாடங்கள் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. சில பல்கலைக்கழகங்கள் அவற்றை நான்காண்டுக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்கின்றன. கட்டணத்தில் அந்த மாநிலத்தவருக்கு ஒரு விகிதம், வெளியாருக்குப் பல மடங்கு என்ற வேறுபாடு உண்டு. மாநிலத்தவராகக் கணக்கில் வர வழக்கமாக ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்பதால், போய் இறங்கிய மாதமே எல்லாப் பாடங்களிலும் சேர்ந்துவிடத் துடிக்க வேண்டாம்.

வாஷிங்டன் மாநிலம் போன்ற இடங்களில் கல்லூரிகள் அரையாண்டுப் பருவத்துக்குப் பதிலாகக் காலாண்டுப் பருவத்தில் நடக்கின்றன. காலாண்டுக் கிரெடிட் ஒன்று அரையாண்டுக் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். நான்கு காலாண்டுக் கிரெடிட் உள்ள பாடம், மாற்றிக் கணக்கிட்டால் 2.67 மட்டுமே ஆகும்; மூன்று கேட்கும் இடத்தில் அது தேறாது. காலாண்டுக் கல்லூரியில் படித்தால், அங்கே மூன்றாகப் பிரித்து நடத்தும் பொது வேதியியலின் மூன்று பகுதிகளையும் முழுமையாக முடித்துவிட்டு வருவதே பாதுகாப்பு.

மதிப்பெண் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரியர் வைத்தாலும் பிறகு எழுதித் தேறிவிட்டால் பழையது போய்விடும் என்று எண்ணுவார்கள். காஸ்பா கணக்கில் அப்படிப் போகாது. ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தால் இரண்டு முறை பெற்ற கிரேடும் சராசரியில் சேரும். குறைந்தது ‘சி’ கிரேடு வேண்டும் என்பது பொதுவான விதி. ‘சி மைனஸ்’ வந்தால் பெரும்பாலும் மறுபடி படிக்க வேண்டியதுதான். பல பல்கலைக்கழகங்கள் நான்குக்கு 3.0 சராசரியைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்திருந்தாலும், இடம் பெறுபவர்களின் சராசரி 3.5-க்கு மேலேதான் இருக்கிறது. எனவே ஒரே பருவத்தில் மூன்று ஆய்வகப் பாடங்களை எடுத்து எல்லாவற்றிலும் ‘சி’ வாங்குவதைவிட, இரண்டை எடுத்து நன்றாகச் செய்வதே மேல். பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், கல்லூரி குறித்திருக்கும் கடைசித் தேதிக்குள் விலகிவிட்டால் ‘டபிள்யூ’ என்று மட்டும் பதிவாகும். அது சராசரியைப் பாதிக்காது. பட்டியல் முழுக்க ‘டபிள்யூ’ இருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள் என்பதால், ஒரு முறைக்கு மேல் அந்த வழியை நாட வேண்டாம்.

பாடங்களுக்கு வயதும் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அறிவியல் பாடங்கள் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து, ஏழு அல்லது பத்து ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதித்திருக்கின்றன. திருமணம், இரண்டு குழந்தைகள், குடும்பப் பொறுப்பு என்று எட்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கும் ஒரு பெண்ணின் பழைய வேதியியல் அதற்குள் காலாவதியாகியிருக்கும். எப்போது விண்ணப்பிப்போம் என்ற ஆண்டை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து பாடங்களைத் தொடங்க வேண்டும். காஸ்பா வாயில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத இறுதியில் திறக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்கள் வரவர இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால், கடைசித் தேதி வரை காத்திருப்பது நட்டம். ஓரிரு பாடங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கச் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. அப்படி மிச்சம் வைப்பதானால் புள்ளியியல், உளவியல் போன்றவற்றை வையுங்கள். உடற்செயலியலை மிச்சம் வைத்துவிட்டுப் போகாதீர்கள், உங்களை எடைபோட அவர்கள் முதலில் தேடுவது அந்த கிரேடைத்தான்.

நோயாளிகளோடு நேரடியாகப் பணிசெய்த மணிக்கணக்கும் விண்ணப்பத்துக்கு வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். பாடத் திட்டத்தைப் பாதிக்கும் அளவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் கல்லூரியில் படிக்கலாம், ஆனால் தனியாகப் பணி அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அந்த நிலையில் உள்ளவர்கள் பாடங்களை முதலில் முடித்துவிட்டுப் பணி அனுமதிக்காகக் காத்திருந்தால், காத்திருக்கும் காலத்திலேயே பாடங்கள் வயதாகிவிடக்கூடும்.

இன்னும் ஊரில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. பட்டத்துக்குப் பிறகு முன்தேவையை நிரப்புவதற்கென்றே இங்கே எம்.எஸ்சி.யில் சேர வேண்டாம். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்த முன்தேவைப் பாடத்தை மட்டுமே ஏற்போம் என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்வதால், இங்கே எவ்வளவு படித்தாலும் அங்கே மீண்டும் படிக்க நேரும். இங்கே கிடைக்க வேண்டியது நல்ல சராசரியோடு ஒரு பட்டம். அதுவும் நம் மூன்றாண்டுப் பட்டத்தை எல்லோரும் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை என்பதால், நோட்டில் அதற்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில், மீன்வளர்ப்பு, உயிர்வேதியியல் இரண்டும் எதிரே இருந்தால் உயிர்வேதியியலை எடுங்கள். உயிரிப் புள்ளியியல் இருந்தால் அதையும் எடுங்கள். ஏற்கப்படாவிட்டாலும், அங்கே இரண்டாம் முறை படிக்கும்போது கை பழகியிருக்கும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கும் ஊரில் நின்றுகொண்டு மீன்வளர்ப்பை விடச் சொல்வது எனக்கே கசப்பாக இருக்கிறது.

விமானம் ஏறுவதற்கு முன் காகித வேலையை முடித்துவிட வேண்டும். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் மட்டும் போதாது. பாடவாரியான மதிப்பீட்டைத்தான் அங்கே கேட்பார்கள், அதற்குப் பல்கலைக்கழகமே உறையிட்டு முத்திரையிட்டு அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற அதிகாரப்பூர்வ மதிப்பெண் பதிவு தேவை. நம் மாவட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால், காரைக்குடிக்கு ஒருமுறை நேரில் போய் அதற்கான நடைமுறையைத் தெரிந்துகொண்டு விண்ணப்பித்துவிடுங்கள். அதோடு, நீங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்ட நூலை, ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேரச் செய்முறை என்ற விவரத்தோடு, துறைத்தலைவரின் கையொப்பமும் கல்லூரி முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும். பழைய பிரதி துறையில் யாரிடமும் இருக்காது. என் அக்காள் மகளுக்காக நானே ஒரு பிற்பகல் முழுவதும் அலமாரியில் தேடி, கடைசியில் அவளோடு படித்து இப்போது தேவிபட்டினத்தில் இருக்கும் தோழியின் வீட்டிலிருந்துதான் அந்த நூலை வாங்கி வந்தேன். அதில் செய்முறை நேரம் அச்சிட்டிருந்ததைக் காட்டிய பிறகு, நுண்ணுயிரியல் தாளை மட்டும் ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. உடற்செயலியலை அவள் அங்கே மறுபடி படித்தாள்.